செம்பு இருந்தும் அணையாத ஒளி: பிறை முலாம் பட்டறையில் எங்கள் சோதனைத் துணி தோற்ற கதை

பட்டறைக் கழிவுநீரில் முக்கிய துணித்துண்டு, கறுப்புப் பெட்டிக்குள் புற ஊதா டார்ச் ஒளியில் நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. நீலம் தெரிந்தால் செம்பு இல்லை, தண்ணீரைத் திறந்துவிடலாம். பட்டறைக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த விதி அவ்வளவுதான். அதே வாளியில் பிடித்த இன்னொரு போத்தல் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. மூன்றாம் நாள் வந்த தாளில் செம்பு அனுமதி அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மேற்பார்வையாளர் அண்ணன் அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார், கீழே ஒரே ஒரு வரி: "தங்கச்சி, உங்க துணி பொய் சொல்லுது."

நல்லவேளை, அது ஒத்திகைக் காலம். துணியை நம்பி யாரும் ஒரு சொட்டுகூட வெளியே விடவில்லை. ஆனால் சோதனைக் கருவி தோற்பதில் இரண்டு வகை உண்டு. இல்லாத செம்பை இருக்கிறது என்றால் ஒருவேளை வீண் வேலை, அவ்வளவுதான். இருக்கிற செம்பை இல்லை என்பதுதான் ஆபத்தான வகை, எங்கள் துணி செய்தது அதைத்தான். எப்படித் தோற்றது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கிறேன். ஆய்வகத்தின் பெயரும் பட்டறையின் பெயரும் வேண்டாம், தப்பு எங்களுடையது.

இடம் பினாங்கு. நாங்கள் தீவில், பட்டறை பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில். இரும்புச் சாமான்களுக்கும் பித்தளைக்கும் முலாம் பூசும் சின்ன இடம், பத்துப் பதினைந்து பேர். முலாம் பூசிய பொருளை அலசும் தண்ணீரில் செம்பு வரும், அதைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும். மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் ஒழுங்குமுறைப்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறமாக விடுவதென்றால் லிட்டருக்கு 0.20 மில்லிகிராம் செம்பு, மற்ற இடங்களில் 1.0 மில்லிகிராம், அதுதான் உச்சம். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலும் வாந்தியுமாக மருத்துவமனைக்கு ஓடி, 111 பள்ளிக்கூடங்களை மூடிய பிறகு, ஒழுங்காகத் தொழில் செய்கிற சின்ன முதலாளிகளுக்கும் இந்த விஷயத்தில் ஒரு பயம் உண்டு. தண்ணீரைக் கூடத்துக்கு அனுப்பினால் பதில் வர மூன்று நாள், தொட்டியோ தினமும் நிறைகிறது. வாசலிலேயே முக்கிப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால் நல்லது என்று அவர்கள் கேட்டார்கள். நாங்களும் ஆசைப்பட்டு ஒத்துக்கொண்டோம்.

எங்களிடம் இருந்த பொருள் உலோக-கரிமச் சட்டகம். 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடாகவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் கிடைத்ததே, அந்தப் பொருள்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள் இல்லையா, அந்தப் பந்தலைத் துணி போர்த்துவதற்கு முன்னால் பாருங்கள். கழி, முடிச்சு, நடுவில் காலி இடம். இங்கே முடிச்சு உலோக அணுக்கள், கழி கரிம அமிலம், காலி இடத்தின் அகலம் ஒரு நானோமீட்டர் அளவு. பந்தல் மாதிரியே கழியை மாற்றிக் கட்டலாம், முடிச்சை மாற்றிப் போடலாம்.

நாங்கள் எடுத்தது யூஐஓ-66 என்கிற வகை. 2008இல் நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது, பெயரில் உள்ள மூன்று எழுத்தும் அந்தப் பல்கலைக்கழகம்தான். ஆறு சிர்கோனியம் அணுக்கள் சேர்ந்து ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் பன்னிரண்டு கழி. இவ்வளவு நெருக்கமாகக் கட்டியதால்தான் தண்ணீரில் போட்டாலும் குலையாமல் நிற்கிறது. இதன் ஒரு கிராம் தூளுக்குள் இருக்கும் பரப்பு சுமார் ஆயிரம் சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு பூப்பந்து ஆடுகளம். கழியாக டெரெப்தாலிக் அமிலத்துக்குப் பதில் அதன் அமினோ வகையைப் போட்டால் வெளிர்மஞ்சள் தூள் கிடைக்கும், 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். செம்பு அயனி வந்து அமினோவில் ஒட்டினால் அந்த ஒளி அணையும். பிடிப்பது, காட்டுவது, ஒளிர்வது மூன்றையும் ஒரே தூள் செய்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது!

செய்முறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிர்கோனியம் குளோரைடு, அமினோ அமிலக் கழி, கொஞ்சம் அசெட்டிக் அமிலம், எல்லாவற்றையும் டிஎம்எஃப் கரைப்பானில் போட்டு 120 பாகையில் ஒரு நாள் முழுக்க ஓவனில் வைக்க வேண்டும், பிறகு கழுவ வேண்டும், கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். சிர்கோனியம் குளோரைடு போத்தலை பினாங்குக் காற்றில் திறந்தால் வெள்ளைப் புகை வரும், ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. மழைநாளில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். எங்களிடம் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர், எதற்கு இவ்வளவு பாடு, எச்கேயூஎஸ்டி-1 செய்தால் சுலபமாயிற்றே என்றார். உண்மைதான், ஹாங்காங்கில் 1999இல் வந்த அது அழகான பொருள். நன்றாகக் காய்ந்த நிலையில் கருநீலம், மூடியைத் திறந்து வைத்தால் நம் கண்ணெதிரே ஈரத்தைக் குடித்து வெளிர்நீலமாக மாறும். ஆனால் அதன் முடிச்சே செம்பு, தண்ணீரில் நாள்பட்டால் குலையும். செம்பைத் தேடப் போகிறவன் பையில் செம்பைக் கொண்டுபோன மாதிரி.

சரி, பொய் சொன்ன துணிக்கு வருவோம்.

முதலில் நாங்கள் சந்தேகப்பட்டது தூளை. காய்ச்சி வடித்த தண்ணீரில் செம்பு சல்பேட் கரைத்து, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் செம்பு வருகிற மாதிரி செய்து, அதில் கொஞ்சம் தூளைப் போட்டு டார்ச் அடித்தோம். ஒளி நன்றாகவே மங்கியது. தூள் யோக்கியம். அதே தண்ணீரில் துணியை முக்கினோம். பாதிதான் மங்கியது. செம்பைப் பத்து மடங்காக்கினோம், அப்போதும் அதே பாதி. மீதி ஒளி அசையவே இல்லை.

இந்தத் துணி என் யோசனை. முதலில் வடிதாளில்தான் தூளை ஏற்றியிருந்தோம், பட்டறையில் ஈரக் கையுறையோடு எடுத்தால் கிழிந்துபோகிறது என்றார்கள். பருத்தியும் தாளும் ஒரே செல்லுலோஸ்தானே என்று வீட்டிலிருந்து ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து கிழித்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது, அதுவே எனக்குப் பெருமை. தூளே ஏற்றாத வெறும் வேட்டித் துண்டை டார்ச்சில் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று தோன்றியது. அடித்தோம். நிலா மாதிரி எரிந்தது.

அன்று மாலை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ஜார்ஜ்டவுனில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் டோபி காட் என்கிற இடத்தை நம் ஆட்கள் வண்ணாந்துறை என்றுதான் சொல்வார்கள். பெரியப்பா அங்கே தலைமுறையாகத் துணி வெளுத்த குடும்பம். டார்ச்சைக் கையில் கொடுத்து கொடியில் கிடந்த துணிகளைக் காட்டச் சொன்னேன். சட்டை, தலையணை உறை, துண்டு, ஒவ்வொன்றாக நீலமாகப் பற்றிக்கொண்டே போனது. நடுவில் ஒரே ஒரு வேட்டி மட்டும் இருட்டாக இருந்தது.

"அது நான் கையால தோய்ச்சு நீலம் போட்டது. மத்ததெல்லாம் மெஷின் சோப்புத்தூள்" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். பழைய நீலம் ஒரு நிறமி, துணியில் ஏறும் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், தானாக ஒளிராது. இன்றைய சோப்புத்தூளில் இருப்பது ஒளிர்வெண்மையாக்கி, பெரும்பாலும் ஸ்டில்பீன் வகை மூலக்கூறு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கும், அதனால்தான் சட்டை வெயிலில் வெள்ளையைவிட வெள்ளையாகத் தெரிகிறது. பருத்தியில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் மாதிரி செய்யப்பட்டது, ஒரு தடவை அலசினால் போகாது. அதன் நீலமும் எங்கள் தூளின் நீலமும் கிட்டத்தட்ட ஒரே அலைநீளம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தூளின் ஒளியைச் செம்பு அணைத்தது, சோப்பின் ஒளி அப்படியே இருந்தது, நாங்கள் அதைப் பார்த்து 'தண்ணீர் சுத்தம்' என்று சொன்னோம்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சம்.

துணியைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி வடிதாளுக்கு வந்தோம். இந்த முறை வெறும் தாளை முதலில் டார்ச்சில் பார்த்தோம், இருட்டு. செம்பு சல்பேட் தண்ணீரில் முக்கினோம், அழகாக அணைந்தது. பிறை வாளித் தண்ணீரில் முக்கினோம், அணையவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் முன்பைவிடக் கூடுதலாக ஒளிர்கிறது. நிஜமாகவே நம்பமுடியாமல் பெட்டியை இரண்டு தடவை திறந்து மூடினேன். செம்பு இருக்கிற தண்ணீர், கூடத்தின் அறிக்கையே சாட்சி, அதில் முக்கிய தாள் சுத்தமான தண்ணீரில் முக்கிய தாளைவிடப் பிரகாசம்.

டார்ச்சையும் சந்தேகப்பட்டோம். மலிவு ஊதா டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர், அவை கண்ணுக்குத் தெரியும் ஊதாவையும் சேர்த்துக் கொட்டுவதால் எந்தத் தாளும் ஒளிர்வது போல ஏமாற்றும். பட்டறையில் அவர்கள் வாங்கி வைத்திருந்தது அந்த வகைதான், அதை மாற்றினோம். நோய் அதுவல்ல.

துப்பு கிடைத்தது எதேச்சையாக. தாளை எடுத்த பிறகு கிண்ணத்தைக் கொட்டாமல் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார் அந்தத் தம்பி. அடுத்த தாளை வைக்கத் திறந்தபோது கிண்ணத்துத் தண்ணீரே மெல்லிய நீலமாக ஒளிர்ந்தது. தாள் போடாத அதே வாளித் தண்ணீர் இன்னொரு கிண்ணத்தில், அது இருட்டு. அப்படியானால் ஒளி தண்ணீரோடு வந்தது அல்ல, எங்கள் தாளிலிருந்து தண்ணீருக்குப் போயிருக்கிறது. தூளாகவே உதிர்ந்திருக்கலாமே என்று மிக நுண்ணிய வடிகட்டியில் அந்தத் தண்ணீரை இறக்கிப் பார்த்தோம். வடிந்த தண்ணீரும் ஒளிர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பந்தல் ஒளிர்கிறது என்கிறோம், ஆனால் ஒளி அடிப்படையில் கழியினுடையது. அமினோ டெரெப்தாலிக் அமிலம் தனியாகத் தண்ணீரில் கரைந்திருந்தாலும் நீலமாக ஒளிரும், பந்தலுக்குள் சிர்கோனியத்தோடு கட்டுண்டு இருப்பதைவிட நன்றாகவே ஒளிரும், ஏனென்றால் உள்ளே இருக்கும்போது அதன் ஆற்றலில் ஒரு பங்கைச் சிர்கோனிய முடிச்சு உறிஞ்சிவிடும். ஆகவே கிண்ணம் ஒளிர்கிறது என்றால் இரண்டே வழி. ஒன்று, நாங்கள் சரியாகக் கழுவாமல் துளைகளுக்குள் மிச்சக் கழி அடைந்திருந்து இப்போது வெளியேறுகிறது. இல்லையென்றால் பந்தல் அவிழ்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரில் அதே தாளை ஒரு மணி நேரம் ஊறவைத்தோம், கிண்ணம் இருட்டாகவே இருந்தது. கழுவியது சரி. அப்படியானால் பிறைத் தண்ணீரில் இருக்கும் ஏதோ ஒன்று முடிச்சை அவிழ்க்கிறது.

அமிலத்துக்கு அசையாத, கொதிநீருக்கு அசையாத சிர்கோனிய முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த ஆள் யார் என்று இந்தத் துறையில் இருப்பவர்களைக் கேட்டால் முதல் பதில் பாஸ்பேட். சிர்கோனியத்துக்குப் பாஸ்பேட் மேல் அவ்வளவு பிரியம், கரிம அமிலக் கழியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். மருத்துவத்துக்காக இந்தத் தூளைப் பயன்படுத்த நினைப்பவர்கள் பாஸ்பேட் உப்புக்கரைசலில் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இதனால்தான். இதே குணத்தை வைத்து, ஒளி கூடுவதைக் கொண்டு பாஸ்பேட்டைக் கண்டுபிடிக்கும் தாளாக இந்தத் தூளைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் முலாம் பட்டறைத் தண்ணீரில் பாஸ்பேட் இருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் என் மனதில் அங்கே ஓடியது 'செம்புத் தண்ணீர்', பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

மறுநாள் பாலம் தாண்டிப் போய் அண்ணனோடு தொட்டி தொட்டியாக நடந்தேன். முதல் தொட்டி எண்ணெய்ப்பசை எடுப்பது.

"இதுல என்ன போடுறீங்க, அண்ணே?"

அவர் மூலையில் இருந்த சாக்கைக் காட்டினார். வெள்ளைத் தூள், டிரைசோடியம் பாஸ்பேட். பசை எடுக்கிற மருந்தில் இது சகஜம்.

"அந்தத் தண்ணி எங்கே போகுது?"

"எல்லாம் அதே சாக்கடைக்குத்தான், வேற எங்கே."

எல்லாத் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்து ஒரே தொட்டிக்கு வருகிறது. அங்கே காஸ்டிக் சோடா போட்டுச் செம்பை ஹைட்ராக்சைடாக வண்டல் இறக்குகிறார்கள். சுண்ணாம்பு போட்டிருந்தால் கால்சியம் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு அடியில் தள்ளியிருக்கும். சோடியம் பாஸ்பேட் கரைந்தே இருக்கும், காஸ்டிக் அதை ஒன்றும் செய்யாது. எங்கள் தாளுக்கு முன்னால் பாஸ்பேட் முழுசாக வந்து நின்றது.

இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது, தாளைவிட அதுதான் பட்டறைக்குப் பயன்பட்டது. பசை எடுக்கும் கலவையில் பாஸ்பேட்டோடு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் பொருள்களும் கலந்திருந்தன. அவை செம்பை அணைத்துக்கொண்டால் காஸ்டிக் எவ்வளவு போட்டாலும் செம்பு வண்டலாக இறங்காது, கரைசலிலேயே ஒளிந்திருக்கும். கூடத்தின் அறிக்கையில் செம்பு கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கவேண்டும் என்று பட்டது. அண்ணன் முதலாளியிடம் பேசி இரண்டு குழாய் போட்டார்கள், பசைத் தண்ணீர் தனி, செம்புத் தண்ணீர் தனி. காஸ்டிக்குக்குப் பதில் சுண்ணாம்பு. வண்டல் கூடுதலாகச் சேர்கிறது என்று அவர்களுக்குக் குறை, அதை அட்டவணையிட்ட அபாயக் கழிவாக அள்ளிக் கொடுக்கக் காசு ஆகும். ஆனால் அடுத்தடுத்து அனுப்பிய போத்தல்களில் செம்பு எல்லைக்குள் வந்துவிட்டது. ஆக, பிரச்சினையைத் தீர்த்தது பிளம்பரும் சுண்ணாம்பு மூட்டையும். நோபல் பரிசுப் பொருள் பக்கத்தில் நின்று பார்த்தது.

இதைக் கிண்டலாகச் சொல்கிறேனே தவிர உண்மையிலேயே என் கருத்து அதுதான். தொட்டி தொட்டியாக வரும் செம்பைப் பிடிப்பதற்கு இந்தத் தூள் சரியான ஆள் அல்ல. பிடிக்கும், பிடிக்காமல் இல்லை. ஆனால் சிர்கோனியமும் டிஎம்எஃப்பும் விலை, டிஎம்எஃப்பே நச்சுக் கழிவு, ஒரு மாசைப் பிடிக்க இன்னொரு மாசைச் செய்கிற வேலை. சுண்ணாம்பு செய்யமுடியாததைச் செய்யும் இடத்தில் இந்தப் பொருள்களுக்கு மவுசு உண்டு. கனடாவில் கால்கரியில் பிறந்த சிஏஎல்எஃப்-20 என்ற சட்டகம் ஈரமான புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கிறது, அதைச் சிமெண்டு ஆலைப் புகையில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். யாகியின் குழு பாலைவனக் காற்றிலிருந்து குடிநீர் இறக்கிக் காட்டியது. அங்கேயெல்லாம் தண்ணீரும் காற்றும் எப்படிப்பட்டவை என்று முதலில் பார்த்துவிட்டுப் பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாங்கள் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடிப் போனோம்.

தாளைக் கைவிடவில்லை. இப்போது ஒரு தாள் முக்குவதில்லை, மூன்று. முதல் தாள் வாளித் தண்ணீரில். இரண்டாவது அதே தண்ணீரில் நாங்களே அளந்து போட்ட செம்போடு, அது அணையவில்லை என்றால் அன்றைக்குத் தாள் சொல்வதையே நம்பக்கூடாது. மூன்றாவது ஈடிடிஏ சேர்த்த தண்ணீரில். ஈடிடிஏ செம்பைப் பறித்துக்கொள்ளும், அதனால் முதல் தாள் இருட்டாகவும் மூன்றாவது பளிச்சென்றும் இருந்தால் அணைத்தது உலோகம்தான் என்று துணிந்து சொல்லலாம், அதுவும் செம்புதான் என்றல்ல. கடைசியில் தாளை எடுத்துவிட்டுக் கிண்ணத்துக்கும் ஒரு டார்ச். முதல் தாளைத் தவிர மற்ற மூன்று பார்வையும் எங்கள் முதல் நாள் செய்முறை அட்டையில் இல்லாதவை. ஆய்வுக்கட்டுரைகளில் செம்பு ஏற ஏற ஒளி இறங்கும் அழகான நேர்கோடுகளைப் பார்த்து மயங்கியிருந்தோம். அவற்றில் பெரும்பாலானவை காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்ட கோடுகள்.

இரும்பு இன்னும் தீரவில்லை. அமிலத்தில் எஃகைத் துரு நீக்கும் நாட்களில் தண்ணீர் லேசான மஞ்சளாக வரும், அன்றைக்கு எல்லாத் தாளும் இருட்டு, செம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூன்று நேர் ஏற்றமுள்ள இரும்பு அயனி தூளைத் தொடவே வேண்டியதில்லை, டார்ச்சின் புற ஊதாவைப் பாதிவழியிலேயே குடித்துவிடும், தூளுக்கு வெளிச்சமே போய்ச் சேராது. இரும்பை மறைக்கப் புளோரைடு போடலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும், அதுவும் பாஸ்பேட்டைப் போலவே சிர்கோனியத்தைப் பிடித்து இழுக்கிற சாதி. அதனால் இப்போது முயல்வது வேறு. அசெட்டேட் சேர்த்து பிஎச் அளவை நான்கரைக்குக் கொண்டுவந்தால் இரும்பு துருவாக இறங்கிவிடும், செம்பு பெரும்பாலும் கரைசலில் நிற்கும், வடிகட்டிவிட்டுத் தாளை முக்கலாம். ஆய்வகத்தில் ஓடுகிறது. பிறைத் தண்ணீரில் இனிமேல்தான்.

365 டார்ச் மட்டும் இன்னொன்று வாங்கவேண்டியதாயிற்று. பழையது வண்ணாந்துறையிலேயே தங்கிவிட்டது. மஞ்சள்தூள் கறை அந்த ஒளியில் பச்சையும் மஞ்சளுமாக எரியும் என்பதைப் பெரியப்பா தானாகவே கண்டுபிடித்துவிட்டார். கல்யாண மண்டபத்து வேட்டிகள் வந்தால் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஊறப்போடுகிறாராம். திருப்பிக் கேட்டால், "உனக்கு ஆபிஸ்ல வாங்கித் தருவாங்கல்ல" என்கிறார்.